கிராம மருத்துவ வசதியும் மாணவர் தொண்டும்

கல்லூரி மாணவர்கள் ஆண்டில் ஏழு நாட்கள் ஒரு கிராமத்தில் தங்கிப் பணியாற்றும் சிறப்பு முகாம், நாட்டு நலப்பணித் திட்டத்தின் முக்கிய அங்கமாகும். சாலை சீரமைத்தல், மரம் நடுதல், எழுத்தறிவித்தல் முதலிய பணிகளோடு, மக்களுக்கு மருத்துவ வசதி எட்டச் செய்வதும் இம்முகாம்களின் நோக்கங்களில் ஒன்றாக இருந்து வருகிறது. மண்வெட்டி பிடிக்கும் வேலையில் பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். நோயும் மருந்தும் சம்பந்தப்பட்ட வேலை அத்தகையதன்று. ஆயத்தமில்லாத மாணவர் ஒருவர் தரும் தவறான தகவல், ஏழைக் குடும்பம் ஒன்றின் கூலியையோ, சில வேளைகளில் ஓர் உயிரையோ பறித்துவிடக்கூடும். ஆகவே முகாமுக்குப் புறப்படும் முன்னர் மாணவர்கள் எவற்றைக் கற்க வேண்டும், எவற்றைச் செய்யாமலிருக்கக் கற்க வேண்டும் என்பது ஆராயத்தக்கதாகும்.

மகாத்மா காந்தியின் நூற்றாண்டான 1969ஆம் ஆண்டில், செப்டம்பர் 24 அன்று, பொருளியல் அறிஞரும் அன்றைய மத்தியக் கல்வி அமைச்சருமான டாக்டர் வி.கே.ஆர்.வி. ராவ் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களுடன் தொடங்கிய இத்திட்டம் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். அத்துடன் ஒரு சிறப்பு முகாமிலும் பங்கேற்க வேண்டும். முகாமுக்கான பயிற்சியை ஆண்டின் 120 மணி நேரத்திலிருந்தே ஒதுக்கலாம். ஆனால் பல இடங்களில் முகாமுக்கு முந்திய நாள் நடைபெறும் ஓர் உரையோடு ஆயத்தம் முடிந்துவிடுகிறது.

எட்டாத வசதி

மருத்துவ வசதி என்றவுடன் கட்டடமும் மருத்துவரும் மருந்தும் நினைவுக்கு வருகின்றன. 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, கிராமங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் தேவை என்று எடுத்துக் கூறியது. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் வழியே இந்நிலையங்கள் தோன்றத் தொடங்கின. இன்றைய நெறிமுறைப்படி சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை நிலையமும், 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் அமைய வேண்டும். மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் இவ்வளவு முறையே 3,000, 20,000 ஆகும். ஆனால் 20,000 பேருக்கு ஒரு நிலையம் என்னும் கணக்கு, அவர்கள் எத்தனை கிலோமீட்டர் பரப்பில் சிதறி வாழ்கிறார்கள் என்பதைக் காட்டாது. நிலையம் இருப்பது ஒன்று. அது தேவைப்படும் நேரத்தில் தேவைப்படுவோருக்கு எட்டுவது வேறொன்று.

இவ்வேறுபாட்டை மாணவர்கள் புரிந்துகொள்ள ஓர் எளிய சட்டகம் உண்டு. தாய்மார் இறப்புக்கான காரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்னும் இருவர் 1994இல் வெளியிட்ட கட்டுரையில், உயிரிழப்புக்கு மூன்று தாமதங்கள் காரணமாகின்றன என்று வகுத்துக் காட்டினர். சிகிச்சை பெற வேண்டும் என்று முடிவெடுப்பதில் ஏற்படுவது முதல் தாமதம். மருத்துவமனையைச் சென்று சேர்வதில் ஏற்படுவது இரண்டாவது. சேர்ந்த பின்னர் தக்க சிகிச்சை கிடைப்பதில் ஏற்படுவது மூன்றாவது. மகப்பேற்றுக்கென வகுக்கப்பட்ட இப்பாகுபாடு பிற நோய்களுக்கும் பெரிதும் பொருந்தும். ஒரு குடும்பம் எந்தத் தாமதத்தில் சிக்கியிருக்கிறது என்பதைக் கண்டறிவதே முகாம் மாணவரின் முதற்பணியாகும்.

பொருளாதார நோக்கில் இதனைக் கண்டால் இன்னொன்றும் விளங்கும். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலுத்தும் பங்கு 2013–14இல் 64.2 சதவீதமாக இருந்தது. 2021–22இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. இது குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும். எனினும் நோயாளியும் உடன் செல்பவரும் இழக்கும் கூலி இக்கணக்கில் சேருவதில்லை. இலவசச் சிகிச்சைக்காக இருவர் ஒரு நாள் வேலையை விட்டுச் செல்லும்போது, அச்சிகிச்சைக்கு அவர்கள் விலை கொடுத்தே தீருகின்றனர்.

கண்புரை அறுவைச் சிகிச்சையின் வரலாறு இதற்குச் சான்று. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களில் கண் பரிசோதனை முகாம்களை நடத்தியது. அறுவைச் சிகிச்சை இலவசம் என்று அறிவித்த பின்னரும், அறிவுரை பெற்றவர்களில் பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. பயணம், உணவு, துணைக்கு ஆள் ஆகியவையே தடைகள் என்று அறிந்த பின்னர், முகாமிலிருந்தே நோயாளிகளை ஊர்தியில் அழைத்துச் சென்று, உணவளித்து, சிகிச்சை முடிந்தபின் ஊர் கொண்டுவந்து சேர்க்கும் முறை உருவாயிற்று. மக்கள் அறியாமையால் வருவதில்லை என்று முடிவு கட்டும் முன்னர், அவர்கள் வருவதற்கு என்ன செலவாகிறது என்று கேட்டறிய வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் பாடமாகும்.

இடத்தை அறிதல்

ஜகதல்பூரில் உள்ள கல்லூரி ஒன்றின் மாணவர்கள் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் முகாம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். முகாமுக்குச் சில வாரங்கள் முன்பே திட்ட அலுவலரும் நான்கைந்து மாணவர்களும் அக்கிராமத்துக்குச் சென்று வருதல் இன்றியமையாதது.

அங்கு ஒரு கிராமம் என்பது ஒரே இடத்தில் குவிந்த வீடுகள் அன்று. தொலைவில் சிதறிய பல குடியிருப்புகளின் தொகுதியாகவே பெரும்பாலும் இருக்கும். முகாமைச் சாலையோரப் பள்ளியில் அமைத்தால், சாலையோரத்தார் மட்டுமே வருவர். மழைக்காலத்தில் ஓடைகள் பெருகும்போது எந்தக் குடியிருப்பு துண்டிக்கப்படுகிறது என்பதையும் முன்கூட்டியே கேட்டறிந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். கோடையின் தொடக்கத்தில் இலுப்பைப்பூப் பொறுக்கவும், அதனையடுத்து பீடி இலை சேகரிக்கவும் குடும்பங்கள் விடியற்காலையிலேயே காட்டுக்குச் சென்றுவிடும். அப்பருவத்தில் காலை பத்து மணிக்கு வீடுவீடாகச் செல்லும் மாணவர் முதியோரையும் சிறுவரையும் மட்டுமே காண்பார். முகாமின் நாட்களையும் வேளைகளையும் கல்லூரி நாட்காட்டியை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது.

மக்கள் தாமாகவே கூடும் இடம் வாரச்சந்தை. சத்தீஸ்கர் அரசு 2019இல் சந்தைகளுக்கே மருத்துவக் குழுக்களை அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது இதனை உணர்ந்தே ஆகும். மாணவர்களும் தங்கள் அறிவிப்புகளைச் சந்தை நாளில் செய்வது பயன் தரும்.

மொழியும் ஆயத்தத்தில் அடங்கும். பஸ்தரில் கோண்டியும் ஹல்பியும் பரவலாக வழங்குகின்றன. இந்தியில் மட்டும் கேட்கப்படும் கேள்விக்கு, விருந்தினரை வருத்தாதிருக்கும் பொருட்டு ஆம் என்றே விடை கிடைக்கக்கூடும். இம்மொழிகளைப் பேசும் மாணவர்கள் வகுப்பிலேயே இருப்பர். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பேறுகால வேதனை, களைப்பு ஆகியவற்றை அவர்கள் வீட்டில் என்னென்ன சொற்களால் குறிக்கிறார்கள் என்பதை மற்றவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைக்கலாம்.

இவை யாவற்றினும் முக்கியமானது, அங்கு ஏற்கனவே பணியாற்றுபவரை அறிந்துகொள்வதாகும். சத்தீஸ்கரில் 2002இல் மிதானின் திட்டம் தொடங்கியது. ‘தோழி’ என்று பொருள்படும் இப்பெயரால் அழைக்கப்படும் பெண், அக்குடியிருப்பைச் சேர்ந்தவர், அங்குள்ளோரால் நம்பப்படுபவர். 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது, நாடு முழுமைக்கும் ஆஷா பணியாளர் முறை வகுக்கப்பட்டதற்கு இத்திட்டம் ஒரு முன்மாதிரியாக அமைந்தது. முகாம் ஏழு நாட்களில் கலைந்துவிடும்; மிதானின் அங்கேயே இருப்பார். ஆகவே மாணவர்கள் அவருக்குத் துணையாகச் செல்ல வேண்டுமேயன்றி, அவருக்குப் போட்டியாகச் செல்லலாகாது.

அறிந்திருக்க வேண்டிய திட்டங்கள்

அரசுத் திட்டங்களின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. ஒவ்வொன்றும் யாருக்கு, எதற்கு, எங்கே கிடைக்கும் என்பதையும், அதன் எல்லை எது என்பதையும் மாணவர் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கான செலவை ஏற்கிறது. 2024இல் 70 வயதும் அதற்கு மேலும் ஆன முதியோர் அனைவருக்கும், வருமான வரம்பின்றி, இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. ஆனால் வெளிநோயாளியாகச் சென்று வாங்கும் அன்றாட மருந்துச் செலவு இதில் அடங்காது. “அட்டை இருந்தால் எல்லாம் இலவசம்” என்று ஒரு மாணவர் கூறிவிட்டால், அதை நம்பித் தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் கூலித் தொழிலாளி கடனோடு திரும்ப நேரிடும். அடுத்த முறை உண்மையான தகவலைக் கொண்டு செல்பவரையும் அவர் நம்பமாட்டார்.

2011இல் தொடங்கிய தாய்–சேய் பாதுகாப்புத் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் மகப்பேறு, தேவைப்படின் அறுவைச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, உணவு ஆகியவை இலவசம். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், பின்னர் மீண்டும் வீட்டுக்கும் ஊர்தி வசதி உண்டு. திரும்பி வருவதற்கும் ஊர்தி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. காசநோயாளிக்குச் சத்துணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் இத்தொகை 1,000 ரூபாயாக உயர்ந்தது. இது வங்கிக் கணக்கில் செலுத்தப்படுவதால், கணக்கு இல்லாதவருக்கு அதனைத் தொடங்க உதவுவது மாணவர் செய்யத்தக்க பணியாகும். படிவத்தைப் படித்துக் காட்டுதல், வங்கிக்கு உடன் செல்லுதல், அவசர ஊர்திக்கான 108 என்னும் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைத்தல் ஆகியவை சிறியனவாகத் தோன்றினும், முதல் இரு தாமதங்களைக் குறைக்க வல்லன.

செய்யத் தகாதவை

மருத்துவர் பதிவேட்டில் இடம்பெறாதவர் மருத்துவம் பார்ப்பதைச் சட்டம் தடை செய்கிறது. மாணவர் மாத்திரை வழங்குதலும், நோயின் பெயரைத் தாமே கூறுதலும், ஒருவர் உட்கொண்டு வரும் மருந்தை நிறுத்தச் சொல்லுதலும் எந்நிலையிலும் கூடா. மலேரியா பரவும் பகுதியில் காய்ச்சல் கண்டவருக்கு உடனே இரத்தப் பரிசோதனை தேவை. பஸ்தர் முழுவதும் 2020 முதல் நடைபெற்ற மலேரியா ஒழிப்பு இயக்கத்தில், பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று பரிசோதனை செய்தனர். இத்தகைய இடத்தில் நல்லெண்ணத்துடன் கொடுக்கப்படும் ஒரு காய்ச்சல் மாத்திரை, உடற்சூட்டைத் தணித்து, பரிசோதனையைத் தள்ளிப்போடச் செய்துவிடும். மாணவர் செய்ய வேண்டியது, அன்றே அந்நோயாளியை மிதானினிடமோ துணை நிலையத்துக்கோ அழைத்துச் செல்வதாகும்.

பிறர் நோயைப் பற்றிப் பொதுவிடத்தில் பேசலாகாது. அரிவாள் செல் இரத்தசோகையை 2047க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கம், மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் 2023 ஜூலை 1 அன்று தொடங்கியது. இந்நோய் பெற்றோரிடமிருந்து மரபுவழியே வருவது. தாமே நோயாளியாகாமல் அதன் கூற்றைத் தாங்கியிருப்போரும் உண்டு. ஓர் இளம்பெண்ணின் பரிசோதனை முடிவு ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்படுமானால், அவர் திருமணமே தடைப்படலாம். காசநோய், மனநோய், கருவுற்றிருத்தல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். நோயாளியைப் புகைப்படம் எடுத்துக் கல்லூரி அறிக்கையில் சேர்ப்பதையும் தவிர்த்தல் வேண்டும். பெண்களிடம் மாணவியரே தனியாகப் பேசுதல் முறை. கேள்விக்கு விடை கூற விரும்பாதவரை வற்புறுத்தலாகாது.

தம்மால் நிறைவேற்ற இயலாத வாக்கை அளிப்பதும் தவறாகும். “உங்கள் ஊருக்கு மருத்துவர் வரச் செய்வோம்” என்று மாணவர் கூற முடியாது. மருத்துவர் இல்லாமை, மருந்து இருப்பில் இல்லாமை போன்ற மூன்றாம் தாமதத்தின் காரணங்களைத் தேதியோடு குறித்து, வட்டார மருத்துவ அலுவலரிடமும் கிராமசபையிலும் எடுத்துரைக்கவே அவரால் இயலும். அதையேனும் அவர் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

கற்பிக்கத்தக்க ஒரு திறன்

மருந்து கொடுக்கலாகாது என்றால் மாணவர் கையில் எதுவுமே இல்லை என்று எண்ண வேண்டியதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையைக் கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் நரம்பு வழியே செலுத்தும் திரவம் தீர்ந்துபோகும் நிலை ஏற்பட்டபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கும் முறையைக் கையாண்டார். நோயாளிகளின் உறவினர்களே அதனைப் புகட்டினர். 30 சதவீத அளவிலிருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. மருத்துவம் படிக்காதவரும் சரியாகக் கற்றால் உயிர் காக்கலாம் என்பதை அந்நிகழ்ச்சி மெய்ப்பித்தது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தூய நீரில் முழுமையாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பொட்டலம் கிடைக்காதபோது ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்கலாம். உப்பு மிகுந்தால் தீங்கு நேரும். ஆகவே இதனைச் சொல்லிக் கொடுப்பதோடு நில்லாமல், தாய்மார் தம் வீட்டுப் பாத்திரத்திலும் தம் கரண்டியிலும் அளந்து கலக்கும்வரை உடனிருக்க வேண்டும். முகாமுக்கு முன்னர் ஒவ்வொரு மாணவரும் இதனைத் தம் கையால் செய்து காட்ட வேண்டும். குழந்தை மயங்கிச் சோர்ந்தாலும், குடிக்க இயலாதிருந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

பயிற்சியின் அமைப்பு

இவற்றுக்கெல்லாம் சுமார் 20 மணி நேரப் பயிற்சி போதுமானது. அதில் முதற்பகுதியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடத்துவது சிறப்பு. வெளிநோயாளிப் பிரிவில் ஒரு காலைப்பொழுது அமர்ந்திருக்கும் மாணவர், நோயாளி எப்போது வீட்டை விட்டுப் புறப்பட்டார், எவ்வளவு நேரம் காத்திருந்தார், எத்தனை நிமிடம் மருத்துவரைக் கண்டார் என்பதைத் தாமே குறித்துக்கொள்ளலாம். இரண்டாம் பகுதியில் துணைச் செவிலியரும் ஆஷா பணியாளரும் தம் அன்றாட வேலையை விளக்கலாம். மூன்றாம் பகுதி, கேட்கும் முறைக்கான ஒத்திகை. “குழந்தைக்குத் தடுப்பூசி போட்டீர்களா?” என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்றே விடை வரும். “கடைசியாக வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் குன்றியபோது முதலில் யாரிடம் சென்றீர்கள், எப்படிச் சென்றீர்கள், என்ன செலவாயிற்று?” என்று கேட்டால் மூன்று தாமதங்களும் ஒருங்கே வெளிப்படும். நான்காம் பகுதியில், செய்யத் தகாதவற்றை எடுத்துக்காட்டுகளோடு விவாதித்து, ஒவ்வொரு மாணவரும் அவற்றை ஏற்று உறுதி கூற வேண்டும்.

ஒப்படைப்பும் மதிப்பீடும்

முகாமின் கடைசி நாள் பாராட்டு விழாவோடு முடிவது வழக்கம். அதற்கு முன்னதாக, மிதானினும் துணைச் செவிலியரும் ஊராட்சி உறுப்பினரும் அமர்ந்திருக்கும் ஒரு கூட்டம் தேவை. எக்குடும்பத்துக்கு என்ன தேவை, அதனை எவர் எந்நாளுக்குள் கவனிப்பார் என்பது அங்கு முடிவாக வேண்டும். நோய் விவரம் அடங்கிய பட்டியல் சுகாதாரப் பணியாளரிடம் மட்டுமே சேர வேண்டும். கிராமசபைக்குச் செல்வது சாலை, ஊர்தி, குடிநீர், நிலையத்தின் வேலைநேரம் போன்ற பொதுக் குறைகளே. நலப்பணி அணிகள் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பணியாற்றும் முறை இருப்பதால், ஆண்டின் எஞ்சிய மணி நேரங்களில் மாணவர்கள் அங்கு மீண்டும் சென்று, ஒப்படைத்தவை என்னவாயின என்று பார்த்து வரலாம்.

மருத்துவ முகாமுக்கு வந்தவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே அறிக்கைகளில் முதலிடம் பெறுகிறது. அவ்வெண் ஒரு நாள் கூட்டத்தை அளக்கிறது. சுகாதார நிலையத்துக்குச் செல்லுமாறு கூறப்பட்டவர்களில் எத்தனை பேர் அடுத்த மூன்று மாதங்களில் உண்மையில் அங்குச் சென்றனர், செல்லாதவர்கள் எதனால் செல்லவில்லை என்பவையே பொருளுடைய அளவுகளாகும். இரண்டாவது வினாவுக்கான விடை சுகாதாரத் துறைக்கும் மாவட்ட நிருவாகத்துக்கும் பயன்படும். புள்ளிவிவர அட்டவணைகளில் எளிதில் புலப்படாத செய்தி அது.

இம்மாணவர்களில் சிலர் பிற்காலத்தில் மருத்துவர்களாகவும், சிலர் திட்டங்களைத் தீட்டும் அலுவலர்களாகவும் வருவர். ஓர் ஏழைக் குடும்பம் சுகாதார நிலையத்தை அடைய எவ்வளவு தொலைவு நடக்கிறது, எவ்வளவு கூலியை இழக்கிறது என்பதை இளமையிலேயே கேட்டறிந்தவர், பின்னாளில் நிலையத்தின் இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யும் பொறுப்பில் அமரும்போது, அக்கேள்வியை அலுவலகத்திலும் எழுப்புவார். கிராமத்துக்கு அப்போது கிடைக்கும் பயன், ஏழு நாள் முகாம் தரக்கூடியதைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்கும்.